தமிழும் தமிளும்: உச்சரிப்பு, ஊர், அதிகாரம்

சென்ற கோடையில் ஸ்காபரோவில் நடந்த ஒரு சிறுவர் பேச்சுப்போட்டிக்கு நடுவர்களில் ஒருவனாகப் போயிருந்தேன். ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன் என்பதால் இப்படியான அழைப்புகள் இடைக்கிடை வரும். வெள்ளி இரவு வேலை முடித்து, மூன்று மணித்தியாலம் நித்திரை கொண்டுவிட்டுப் போனேன். எங்களுக்குத் தந்த தாளில் 100 புள்ளிகளில் 20 உச்சரிப்புக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டுப் பின்வளவைப் பற்றிப் பேசினாள். மற்றப் பிள்ளைகளைப் போல யாரோ எழுதிக்கொடுத்ததைப் பாடமாக்கி ஒப்புவிக்கவில்லை. அப்பம்மா நட்ட தக்காளியை அணில் ஒவ்வொன்றாகக் கடித்துவிட்டுப் போட்ட கதையையும், அப்பம்மா அந்த அணிலுக்கு ஏசிய ஏச்சையும் சொன்னாள். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பிள்ளைக்கு ழகரம் வரவில்லை. 'பழம்' என்ற இடத்தில் 'பலம்' என்றாள். றகரம் ஆங்கிலத்து ஒலிபோல நாக்கை மடித்து வந்தது. என் பக்கத்தில் இருந்த நடுவர் உச்சரிப்புக்கு 20 இல் 4 போட்டார். போட்டுவிட்டு என் காதுக்குள் சொன்னார்: "பிள்ளைக்குத் தமிள் நாக்கில வருகுதில்லை, சேர்."

அவர் 'தமிள்' என்றுதான் சொன்னார். நானும் கவனமில்லாமல் கதைக்கும்போது அப்படித்தான் சொல்வேன். ஈழத்தவர் பெரும்பாலோரின் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிப் பல காலமாகிவிட்டது. வாளைப்பளம், மளை, கிளவி என்றுதான் எங்கள் வீடுகளில் கேட்டோம். மேடையேறினால் மட்டும் நாக்கைச் சிரமப்படுத்தி ழகரத்தைக் கொண்டுவருவோம். ழகரத்தை ளகரமாக்கியவர் ழகரத்தை லகரமாக்கிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்கிறார். எந்த உரிமையில்?

இந்தக் கேள்வியை நண்பர்கள் சிலரிடம் போட்டேன். "எங்கட பிழை ஊர்ப்பிழை, பிள்ளையின்ர பிழை வெள்ளைக்காரப் பிழை" என்றார் ஒருவர். பகிடியாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு கொள்கையே இருக்கிறது. ஊரிலிருந்து வந்த திரிபு மரபாகிறது; இங்கே பிறந்த திரிபு அழிவாகிறது. புலம்பெயர் மேடைகளில் மொழி பற்றி நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இந்தக் கொள்கையின் மேலேயே நிற்கிறது. அதைச் சற்று உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் 'யாழ்ப்பாணத் தமிழே பழமையும் தூய்மையும் வாய்ந்தது' என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 'இது, அது' என்பவற்றுக்கு நடுவே 'உது' என்ற சுட்டு எங்கள் பேச்சில் உயிரோடு இருக்கிறது. 'உவன் எங்கை போறான்', 'உங்கை வை' என்று நாளாந்தம் சொல்கிறோம். அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்தாகத் தொல்காப்பியம் சொல்லியிருக்க, தமிழ்நாட்டுப் பேச்சில் நடுச்சுட்டு வழக்கொழிந்துவிட்டது. அதேபோல 'வெற்றி' என்பதிலுள்ள இரட்டை றகரத்தை நுனிநாக்கு மேலண்பல்லை ஒட்டி நிற்க, ஒரே வல்லொலியாக நாங்கள் சொல்கிறோம். தமிழ்நாட்டார் வாசிக்கும்போது அது 'வெட்ரி' என்பதுபோல விழுகிறது.

எங்கள் எழுத்துக்கூட்டலில்கூட இந்த ஒலி பதிந்திருக்கிறது. இந்த நகரத்தின் பெயரை நாம் 'ரொறன்ரோ' என்று எழுத, தமிழ்நாட்டார் 'டொராண்டோ' என்று எழுதுகிறார்கள். அவர்கள் எங்கள் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாங்கள் அவர்களுடையதைப் பார்த்துச் சிரிக்கிறோம். உண்மையில் இரண்டு பக்கமும் தத்தம் காதுக்கு நேர்மையாகத்தான் எழுதுகிறது. ஆங்கிலத்தின் அந்த நுனிநாக்கு ஒலிக்கு நெருங்கிய ஒலி எங்கள் வாயில் இரட்டை றகரமாக இருந்தது. அதனால் 'ரிக்கற்', 'ரீச்சர்' என்று றகர ரகரங்களை நாடினோம். அவர்களிடம் அந்த ஒலி இல்லாமற் போனதால் டகரத்தை நாடினார்கள்.

ஆனால் பேரேட்டின் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 'ஒன்று, மூன்று, கன்று' என்பவற்றை 'ஒண்டு, மூண்டு, கண்டு' என்று மாற்றினோம். ழகரத்தை விட்டோம். கதிரை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, துவாய், பாண் எல்லாம் போர்த்துக்கேயன் தந்தவை. கந்தோரும் லாச்சியும் கக்கூசும் ஒல்லாந்தன் விட்டுப்போனவை. எங்கள் தாய்மார் 'யன்னலைச் சாத்திப்போட்டுக் கதிரையில இரு' என்று சொல்லும்போது அதில் வரும் இரண்டு பெயர்ச்சொற்களும் லிஸ்பனிலிருந்து வந்தவை. அதை அந்நியம் என்று யாரும் உணர்வதில்லை. நாலு நூற்றாண்டு பழகினால் எதுவும் தூய்மையாகிவிடும் போலும்.

இன்னொன்று. செக் அறிஞர் கமில் சுவெலபில் 1960களில் இலங்கைத் தமிழை ஆராய்ந்தபோது, பேச்சுவழக்குகளுள் எழுத்துவழக்குக்கு மிக நெருங்கியதாக மட்டக்களப்புத் தமிழையே குறித்தார். 'தூய்மை' என்பதை எழுத்துவழக்கோடுள்ள நெருக்கம் என்று பொருள்கொண்டால், முடி மட்டக்களப்புக்கே போக வேண்டும். ஆனால் எங்கள் மேடைகளில் யாரும் மட்டக்களப்பு உச்சரிப்பை நியமமாக வைத்துப் புள்ளி போட்டதை நான் கண்டதில்லை. 'மறுகா வாறன்' என்று ஒருவர் சொன்னால் நாங்கள் சிரிப்போம். 'பேந்து வாறன்' என்று நாங்கள் சொன்னால் அது பண்பாடு.

இலங்கை வானொலியை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் தென்கோடிவரை கேட்டு மயங்கிய அந்த வானொலித் தமிழை எம்மவர் பெருமையோடு உரிமை கோருவதுண்டு. அந்தத் தமிழின் மிகப் பிரசித்தமான குரல்களில் ஒன்று பி.எச். அப்துல் ஹமீதுடையது. அவர் கொழும்புக்காரர், முஸ்லிம். அந்தத் தமிழ் எந்த ஊருக்கும் உரியதல்ல. பயிற்சியாலும் ஒலிவாங்கியாலும் உருவான ஒரு பொதுமொழி அது.

மொன்றியல் தமிழரிடையே களஆய்வு செய்த மானிடவியலாளர் சோனியா தாஸ் 2016 இல் வெளியிட்ட நூலில் ஒரு வேடிக்கையான பிரிவினையைக் காட்டுகிறார். அங்கே இந்தியத் தமிழர் பேசுவது 'பேச்சுத்தமிழ்' என்றும், ஈழத்தமிழர் பேசுவது 'எழுத்துத்தமிழ்' என்றும் இரு தரப்பாரும் ஒத்துக்கொள்கிறார்களாம். எழுதுவதுபோலப் பேசும் மனிதர் உலகில் எங்கும் இல்லை. ஆனாலும் இந்தப் பங்கீடு இரு தரப்புக்கும் வசதியாக இருக்கிறது. அவர்களுக்கு நவீனம், எங்களுக்குத் தொன்மை. நாட்டை இழந்த சனம் தொன்மையைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அந்தத் தொன்மையை அளக்கும் கோலை எப்போதும் ஒரே சிலரின் கையில் கொடுத்துவிடுவதுதான்.

3

அந்தக் கோலுக்கு ஒரு வரலாறு உண்டு. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் 'நானாடகம்' என்ற தொகுதியை யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழிலேயே எழுதி வெளியிட்டார். கல்வெட்டுத் தமிழை லண்டனில் ஆராய்ந்து கலாநிதிப்பட்டம் பெற்றவர், வீட்டுத் திண்ணைப் பேச்சை அச்சேற்றியது அந்நாளில் பெரிய துணிவு. ஆனால் இருபது ஆண்டுகளின் பின், 1960களின் தொடக்கத்தில், டானியலும் டொமினிக் ஜீவாவும் அவர்கள் சார்ந்த எழுத்தாளர்களும் உழைக்கும் சனங்களின், ஒடுக்கப்பட்ட சாதியினரின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, அதைப் பண்டிதர்கள் 'இழிசனர் வழக்கு' என்றார்கள். மரபுப் போராட்டம் என்று எமது இலக்கிய வரலாற்றில் பெயர்பெற்ற விவாதம் அதுதான். இரண்டும் பேச்சுமொழிதான். பேச்சுமொழி இலக்கியமாகலாமா என்ற கேள்வியின் பின்னால், யாருடைய பேச்சு இலக்கியமாகலாம் என்ற கேள்வியே இருந்தது என்பது என் துணிபு.

இந்த நாட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1968 இல் மிசேல் ட்ரொம்ப்ளே மொன்றியல் தொழிலாளர் குடியிருப்புப் பெண்களின் கொச்சைப் பிரெஞ்சில் நாடகம் போட்டபோது, கியூபெக்கின் கற்றோர் சபை கொதித்தது. 'ஜுவால்' என்று இகழப்பட்ட அந்தப் பேச்சு இன்று கியூபெக்கின் இலக்கிய மொழிகளில் ஒன்று. பாரிஸ்காரன் கொச்சை என்று சிரிக்கும் கியூபெக் உச்சரிப்புகள் சில, பழைய பிரான்ஸில் அரசவையிலேயே வழங்கியவை என்கிறார்கள் மொழியியலாளர். கொச்சையும் தொன்மையும் ஒரே வாயில் இருக்கலாம்.

இங்கே நான் என்னையும் கூண்டில் ஏற்ற வேண்டும். ஊரில் கற்பித்த காலத்தில் என் வகுப்பில் வன்னியிலிருந்து வந்த ஒரு மாணவன் இருந்தான். பெற்றோர் மலையகத்திலிருந்து 1977 வன்செயலின் பின் வவுனியாப் பக்கம் குடியேறியவர்கள். 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனத்தின் பேரப்பிள்ளை. நன்றாக எழுதுவான். கட்டுரையை வாசிக்கச் சொன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டான். ஒருநாள் வற்புறுத்தி வாசிக்க வைத்தேன். 'பேசுறாங்க', 'சொல்றாங்க' என்று இடையில் வந்தது. வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் "இது யாழ்ப்பாணம், தம்பி" என்றேன். வகுப்பு இன்னும் கூடச் சிரித்தது. அதன்பின் அவன் என் விரிவுரைகளில் பின்வரிசையில்தான் இருந்தான். அன்று எனக்கு அது ஒரு நகைச்சுவை. இங்கே பாண் தொழிற்சாலையில் வரிசைத் தலைவன் என் ஆங்கிலத்தைத் திருப்பிச் சொல்லிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்த நாளில்தான் அந்த மாணவனின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. பதினைந்து வருஷம் பிந்தி.

யாழ்ப்பாணத் தமிழின் வீடு யாழ்ப்பாணம் என்று எண்ணுகிறோம். 1990 ஒக்ரோபரில் சில மணித்தியால அவகாசத்தில் விரட்டப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்கள், அதே பேச்சைப் புத்தளத்து அகதிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் வாய் திறந்ததும் அங்குள்ளவர்கள் 'இவங்கள் அகதி' என்று கண்டுகொண்டார்கள். நாங்கள் ஸ்காபரோவில் அந்த உச்சரிப்பைச் சொத்தாகக் கொண்டாடுகிறோம். அவர்களுக்கு அது துரத்தப்பட்டதன் முத்திரை. எங்கள் மொழிவிழாக்களில் அவர்களின் குரல் கேட்பதில்லை.

4

உச்சரிப்பைக் கொண்டு ஆளை அளப்பது எங்கே போய் முடியும் என்பது எங்களுக்குத் தெரியாத விடயமல்ல. விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறையில் 'ஷிபோலெத்' என்று சொல்லத் தெரியாதவர்களை வெட்டிய கதை வருகிறது. 42,000 பேர் என்று அது சொல்கிறது. 1983 ஆடியில் பஸ்களை மறித்த காடையர்கள் வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்பது அக்காலத்தைத் தப்பிய பலரின் சாட்சியம். 'பால்திய' என்ற அச்சொல்லின் முதல் ஒலி அதிர்ந்து வரவேண்டும். தமிழ்ச் சொற்கள் அவ்வொலியோடு தொடங்குவதில்லை. அந்தச் சொல்லும் எங்கள் கதிரையும் அலுமாரியும் வந்த அதே போர்த்துக்கேயக் கப்பலில்தான் வந்தது என்பது வரலாற்றின் குரூரம்.

1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின், சென்னையில் இருந்த எம்மவர்கள் கடைக்குப் போகவும் வாய் திறக்கப் பயந்து திரிந்தார்கள். அக்காலத்தில் அங்கிருந்து பின் இங்கே வந்த பலர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும், வீட்டுக்காரர் வீட்டை விடச் சொல்ல. 2025 இல் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்ற தமிழ்நாட்டுப் படத்தின் கதைமுடிச்சும் இதுதான். ஈழத்திலிருந்து தப்பிவந்த குடும்பம் தன் தமிழை அயலவரிடம் மறைக்க வேண்டியிருக்கிறது. 34 வருஷம் கழித்து அது நகைச்சுவையாகியிருக்கிறது.

ஐரோப்பாவில் இது அலுவலக நடைமுறையாகவே ஆனது. சுவீடன் 1993 இலிருந்தும், சுவிற்சர்லாந்து 1997 இலிருந்தும் அகதி கோருபவரின் பேச்சைப் பதிவுசெய்து, அவர் சொன்ன ஊர்க்காரர்தானா என்று பகுப்பாய்ந்தன. 2004 இல் மொழியியலாளர் சிலர் கூடி, இம்முறையைக் கவனமின்றிப் பாவிக்கக்கூடாது என்று வழிகாட்டுநெறிகளை வெளியிட்டார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்தவரின் நாக்கில் ஓர் ஊர் மட்டும் இருக்காது என்பது அவர்களின் முக்கிய வாதங்களில் ஒன்று. தமிழ்நாட்டு முகாமில் பிறந்து வளர்ந்த ஈழத்துப் பிள்ளை எந்தத் தமிழ் பேசும்? மலையகத்தில் பிறந்து கிளிநொச்சியில் வளர்ந்தவர் எந்த ஊரைத் தன் நாக்கால் நிரூபிப்பார்?

இவ்வளவையும் அனுபவித்த சனம், 20 புள்ளிக்குள் அதே சோதனையைச் சின்னதாகத் தன் பிள்ளைகளுக்கு வைக்கிறது. ஒப்பீடு மிகையானது என்று சிலர் கோபிக்கலாம். விளைவில் மிகைதான், தர்க்கத்தில் அல்ல.

5

இனி ஸ்காபரோவில் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நான் வேலைசெய்யும் இடத்தில் இரவு வேலையில் பாண் பெட்டி கட்டும் வரிசையில் ஏழெட்டுத் தமிழர் நிற்கிறோம். புங்குடுதீவு அக்கா ஒருவர், மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, அற்றனில் பிறந்து வவுனியாவில் வளர்ந்த ஒருவர், படிக்க வந்து இரவில் உழைக்கும் கோயம்புத்தூர்ப் பொடியன்கள் இருவர். ஊரில் இந்த ஏழெட்டுப் பேரும் ஒரு வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கச் சந்தர்ப்பமே இல்லை.

முதல் மாதம் ஒரே குழப்பம். ஒருநாள் கோயம்புத்தூர்ப் பொடியன் ஓடிவந்து "அக்கா, சூப்பர்வைசர் உங்ககிட்ட பேசணுமாம்" என்றான். புங்குடுதீவு அக்காவின் கை நடுங்கிவிட்டது. "ஏன் தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?" யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது, கதைப்பதுதான் கதைப்பது. இப்போது அவன் 'கதைக்கணுமாம்' என்கிறான். அக்கா அவனிடம் 'வாங்க' என்கிறா, எங்களிடம் 'வாங்கோ' என்கிறா. மட்டக்களப்புப் பெண் எல்லோரிடமும் 'மறுகா' என்று சொல்லி, இப்போது பொடியன்களும் 'மறுகா' என்கிறார்கள். பல வழக்குகள் ஓரிடத்தில் கலக்கும்போது கூர்முனைகள் மழுங்கிப் பொது வழக்கொன்று உருவாகும் என்று பீற்றர் ட்ரட்கில் 1986 இல் எழுதிய நூலில் விளக்கியிருக்கிறார். அதை ஊரில் விரிவுரையாகச் சொன்னேன். இங்கேதான் காதால் கேட்கிறேன்.

இந்தக் கலப்பில் சில போகின்றன. 'உது' போகிறது; பிள்ளைகளிடம் அது அநேகமாக இல்லை. அதற்காக நான் வருந்துகிறேன். 'வருவினம், போவினம்' மெலிகிறது. 'ஓம்' நிற்கிறது. அது நாங்கள் யார் என்று சொல்லும் சொல் என்பதால் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

'நீர்' போகிறது. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருந்த பேச்சில் பிள்ளைகளுக்கு இரண்டே தெரியும்; பலருக்கு 'நீங்கள்' ஒன்றே. இதை இழப்பு என்று ஒரு மேடையில் ஒருவர் உருகிப் பேசக் கேட்டேன். ஆனால் அந்தப் படிக்கட்டில் யார் எங்கே நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? எங்கள் ஊரில் அறுபது வயதுச் சலவைத் தொழிலாளியை ஏழு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி 'நீ வா, நீ போ' என்றது. பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதியும் மொழியும் பற்றி 1978 இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தச் சலவைத் தொழிலாளியின் பேரனை ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை 'அங்கிள், நீங்கள்' என்கிறது. அந்தப் பிள்ளைக்கு வேறுவிதமாகச் சொல்லத் தெரியாது. இலக்கணம் கெட்டதால் ஒரு கொடுமையும் கெட்டது. எமது இழப்புக் கணக்கில் இந்த வரவை யாரும் எழுதுவதில்லை.

பிள்ளைகளுக்கு உச்சரிப்பே இல்லை, ஊரே இல்லை என்பதும் தவறு. அவர்களுக்கு ஓர் ஊர் இருக்கிறது, அது ஸ்காபரோ. ஜமேக்காத் தீவுப் பேச்சும் சோமாலியர் கொண்டுவந்த சொற்களும் கலந்த ஓர் ஆங்கிலம் இந்த நகர இளைஞரிடையே உருவாகியிருக்கிறது. டெரெக் டெனிஸ் போன்ற மொழியியலாளர் அதைப் 'பல்பண்பாட்டு ரொறன்ரோ ஆங்கிலம்' என்று பெயரிட்டு ஆராய்கிறார்கள். மோர்ணிங்சைட் பஸ்ஸில் எங்கள் பிள்ளைகள் 'வல்லாஹி' என்று சத்தியம் பண்ணுவதைக் கேட்கலாம். வெள்ளையர் நடுவே வளர்ந்த பிள்ளைக்கு அது வராது. 1963 இல் வில்லியம் லேபோவ் ஒரு சிறு அமெரிக்கத் தீவைப் பற்றி வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. கோடையில் செல்வந்தர் வந்து நிறையும் அத்தீவில், அங்கேயே வாழ்வதென்று முடிவுசெய்த இளைஞரிடம் தீவின் உயிரொலிகள் கூர்மையாகின. வெளியேற நினைத்தவர்களிடம் மழுங்கின. உச்சரிப்பு என்பது மரபுரிமையாக மட்டும் வருவதில்லை; எங்கே நிற்கிறேன் என்று மனிதன் எடுக்கும் முடிவும் அதில் இருக்கிறது.

6

அப்படியானால் எங்கள் பிள்ளைகள் தமிழில் நிற்க ஏன் முடிவெடுப்பதில்லை? என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். மகன் ஆறு வயதில் இங்கே வந்தான். சாப்பாட்டு மேசையில் அவன் வாய் திறந்தால் நான் திருத்துவேன். 'வாலைப்பலம்' என்றால், "ழ, ழ சொல்லு" என்பேன். சொல்லுவான், திரும்பவும் பிழைப்பான், திரும்பவும் திருத்துவேன். மொழிக்கு என் கடமையைச் செய்கிறேன் என்று நினைத்தேன். பதினொரு வயதளவில் ஒருநாள் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். அதற்குப் பிறகு என்னோடு தமிழில் கதைக்கவில்லை. இப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது.

அவனுக்குத் தமிழ் தெரியாது என்றே எண்ணியிருந்தேன். சென்ற வருஷம் ஓர் இரவு நேரத்தோடு வேலையால் வந்தபோது, குசினியில் நின்று தொலைபேசியில் ஊரிலுள்ள என் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தான். அரைமணித்தியாலம். லகரமும் ஆங்கிலத்து றகரமுமாக, வினைமுற்று எல்லாம் பிழையாக, தடக்கித் தடக்கி. அவ சிரித்துச் சிரித்துப் பதில் சொல்கிறா. அவவின் 'வாளைப்பள'மும் இவனின் 'வாலைப்பல'மும் ஒன்றையொன்று நன்றாக விளங்கிக்கொண்டன. அவ திருத்துவதில்லை. அவவுக்குப் பேரன் கதைப்பதுதான் காரியம்.

மொழி எப்படிச் சாகிறது என்பதற்கு எங்கள் தீவிலேயே உதாரணம் உண்டு. நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தில் தமிழ் பேசிய சனம் இருந்தது. பாடசாலையிலும் தேவாலயத்திலும் சிங்களம் இடம்பிடித்தபோது, ஒன்றிரண்டு தலைமுறைக்குள் பெரும்பாலோர் சிங்களவராகிவிட்டார்கள். மீன்பிடிக் கிராமங்கள் சிலவற்றில் மிஞ்சியிருக்கும் தமிழ், சிங்கள இலக்கணத்தால் வெகுவாக மாறிப்போன ஒரு தமிழ். அந்த மாறிய தமிழைப் பேசியவர்களிடம்தான் தமிழ் மிஞ்சியது. மாறாத தமிழை வைத்திருந்த வீடுகள் எவை என்று இன்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. புழங்க இடமில்லாமல் போனால் மொழி போகும். கோணலாகப் பேசுவதால் போகாது.

7

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஏற்றால் நியமம் என்ன ஆகும், எழுத்துமொழி என்ன ஆகும் என்பார்கள். நியாயமான கேள்வி. எழுத்துக்கு நியமம் வேண்டும். 'பழம்' என்பதைப் பிள்ளை ழகரம் போட்டு எழுதத்தான் வேண்டும். 'பலம்' வேறு சொல் என்பதையும் அறிய வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அதைக் கற்பிக்கலாம். நாங்களும் அப்படித்தான் கற்றோம்: வீட்டில் 'பளம்' என்று சொல்லி, கொப்பியில் 'பழம்' என்று எழுதினோம். எழுத்தின் நியமத்தை நாக்கின் மேல் ஏற்றி, அதையே தமிழன் என்பதற்குச் சான்றிதழாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

நடைமுறையில் சிலவற்றைச் செய்யலாம். பேச்சுப்போட்டிகளில் உச்சரிப்புக்கான புள்ளியை எடுத்துவிட்டு, சொந்தமாகச் சொன்னதற்கு அதைக் கொடுக்கலாம். மட்டக்களப்பு, மன்னார், வன்னி, மலையகம், யாழ்ப்பாண முஸ்லிம் தெருக்கள் எல்லாவற்றிலிருந்தும் இந்நகரத்துக்கு வந்து முதுமையடைந்திருப்போரின் பேச்சை, அவர்கள் இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்யலாம். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழிருக்கைக்காக எம்மவர் 30 இலட்சம் டொலர் சேர்த்தார்கள். அந்த ஆர்வத்தில் ஒரு சிறு பங்கு போதும். அந்தப் பதிவுகளில் 'உது'வும் இருக்கும், 'மறுகா'வும் இருக்கும், 'பேசுறாங்க'வும் இருக்கும். பிள்ளைகள் எடுத்துக்கொள்ள விரும்புவதை எடுத்துக்கொள்ளட்டும்.

இவ்வருடப் போட்டிக்கும் நடுவராக வரும்படி கடிதம் வந்திருக்கிறது. அதே தாளையும் இணைத்திருக்கிறார்கள். அதே 20 புள்ளி. அதை நீக்கினால் வருகிறேன் என்று பதில் எழுதினேன். அந்தச் சிறுமி இம்முறை பேசுகிறாளா என்றும் கேட்டிருந்தேன். முதற் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இரண்டாவதற்கு மட்டும் பதில் வந்தது: பெயர் கொடுக்கவில்லையாம்.